இடத்தோள் ஊக்கு

ஊக்கு இடப்பக்கம் இருந்தது.

லியாகோ வாளியைக் கீழே வைத்தாள். முந்தின நாள் மாலை கம்பளியைப் பாத்தியின்மேல் போர்த்தி, நடுவில் நிற்கும் குப்பைக்கூடையின் கழுத்தைச் சுற்றி இழுத்து, காற்று தூக்கிவிடாமல் இருக்க அந்தப் பெரிய ஊக்கை வலப்பக்கம் குத்தியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இரும்பு குளிரில் விரலோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கியபோது கட்டைவிரல் தோல் கொஞ்சம் போயிற்று. அந்தத் தோல் இப்போதும் ஊக்கில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஊக்கு மட்டும் இடம் மாறியிருந்தது.

ஊரில் ஆண்கள் எல்லோரும் கம்பளியை வலத்தோளில்தான் குத்துவார்கள். வலது கை வெளியே இருந்தால்தான் வேலை ஓடும். அவள் கணவன் மொலேஃபி இடக்கைக்காரன். அவன் மட்டும் இடத்தோளில் குத்துவான். அவன் செத்து இரண்டு மாதம் ஆகப்போகிறது.

அவள் கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கீரை பச்சையாக நின்றது. தண்டு விறைக்கவில்லை, இலை சுருங்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு மூச்சுபோல ஆவி வந்து அவள் முகத்தில் பட்டது. ஈரக் கம்பளி வாடை, ஆட்டுக்கொழுப்பு வாடை, அடியில் லேசாகப் புகையிலை.

அவள் ஊக்கைத் தொடவில்லை. ஒரு கைப்பிடி கீரை கிள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மலைநாட்டில் ஜூலைதான் கடுங்குளிர். ஜூலை நடுவில் காற்று நின்றது. அன்றுதான் உறைபனி இறங்கியது. ஓடை முதலில் ஓரங்களில் வெளுத்து, பிறகு நடுவிலும் மூடிக்கொண்டு, கடைசியில் சத்தமே இல்லாமல் போயிற்று. அப்படி ஒரு சத்தம் இத்தனை வருஷமும் வீட்டுக்குள் இருந்ததென்பது அது நின்ற பிறகுதான் லியாகோவுக்குத் தெரிந்தது. மலைக்கணவாய் பனியில் அடைபட்டது. கடைக்கு லாரி வரவில்லை. கூரைப்புல் இரவெல்லாம் நெரிந்தது. காலையில் தண்ணீர்க் குடத்தைத் தட்டினால் கல்லைத் தட்டுவதுபோல இருந்தது.

வீட்டுக்கு ஒரு வட்டப் பாத்தி உண்டு. இடுப்பளவுக் கல்சுவர், உள்ளே மண், நடுவரை ஒரு ஆள் நுழைய ஒரு வெட்டுவழி. நடுவில் குச்சியால் பின்னிய கூடை. சாம்பலும் சமையல் கழிவும் அதில் விழுந்து மட்கும், அந்தச் சூட்டில் சுற்றிலும் உள்ள கீரை குளிர்காலத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வருஷமும் தாண்டியிருக்கிறது. இந்த வருஷம் கூடையில் ஊற்றிய கழுநீர் காலையில் ஒரே கட்டியாக வெளியே வந்தது. முதல் இரவில் வெளிவட்டம் கருத்தது. அடுத்த இரவில் கேரட் தழையும் வெங்காயத்தாளும் படுத்துவிட்டன. மேலே போட்ட மாவுச்சாக்குகள் பலகைபோல் விறைத்து, தூக்கியபோது இலைகளையும் பிய்த்துக்கொண்டு வந்தன.

பக்கத்து வீட்டு செலோ தன் பாத்தியின் சுவரில் சாய்ந்து நின்றான்.

"தங்கச்சி, என் கோஸ் எல்லாம் கண்ணாடியாப் போச்சு. தட்டுனா டிங்குனு கேக்குது. சர்ச்சுல மணிக்குப் பதிலா மாட்டிடலாம்."

"கோணி ஏதாவது மிச்சம் இருக்கா அண்ணே?"

"கோணியெல்லாம் ஆட்டுக்குட்டிக்குச் சுத்திட்டா என் பொண்டாட்டி. எனக்கே இல்ல. நானும் குட்டியாப் பொறந்திருக்கணும்."

அவன் சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

மாவு இருந்தது. களி கிண்டலாம். ஆனால் போன குளிர்காலத்தில் மகள் பொன்ட்சோ கீரையைத் தொடாமல் வெறும் களியையே தின்று ஈறு வீங்கி, தூக்கத்தில் தலையணையெல்லாம் ரத்தம் கசிந்து, பால்பல் இரண்டு தாயின் கையோடு வந்ததை லியாகோ மறக்கவில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸ் ஒரே சொல்தான் சொன்னாள்: கீரை. பொன்ட்சோவுக்கு ஐந்து வயது. பாத்தியின் நடுவட்டத்தில் மிஞ்சியிருந்தது குளிர் விடும் செப்டம்பர்வரைக்கும் அவளுக்குப் போதும். அதுவும் போனால் வேறு இல்லை.

வீட்டிலிருந்த கம்பளிகள் இரண்டு. ஒன்று லியாகோவின் மேல். ஒன்று குழந்தையின் மேல்.

மூன்றாவது, உத்தரத்தில் தொங்கிய மூட்டையில் இருந்தது. மொலேஃபியின் துணிமூட்டை. தாய்மாமன் வந்து, ஆடு அறுத்து, துணிகளை நனைத்துப் பங்கிட்டுக் கொடுக்கும்வரை அவற்றை யாரும் உடுத்தக் கூடாது. மாமன் கணவாய்க்கு அப்பால் இருந்தார். லியாகோ மூட்டைக்குக் கீழே வெகுநேரம் நின்றாள். யாரும் உடுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. கீரைக்குத் தோள் கிடையாது. கீரை உடுத்தாது.

அவள் மூட்டையை அவிழ்த்தாள்.

மொலேஃபி மே மாதக் கடைசியில் போனான். ஆடுகளை மேல் மேய்ச்சலிலிருந்து இறக்கிவரப் புறப்பட்ட காலையில் நல்ல வெயில். இதே கம்பளியை அவள் துவைத்துக் கல்லின்மேல் போட்டிருந்தாள், நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வெயில்தானே. சாயங்காலம் வந்துடறேன்" என்று சட்டையோடு போனான். மதியத்துக்குமேல் பனி விழுந்தது. தேடிப்போனவர்கள் ஒரு பாறைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தவனைத் தூக்கிவந்தார்கள். முழங்கால்கள் மார்போடு ஒட்டியிருந்தன. கைகள் முழங்கால்களைக் கட்டியிருந்தன. பெட்டியில் கிடத்த முடியவில்லை. அடுப்பருகே வைத்து, வறட்டி போட்டுப் போட்டு, இளகட்டும் என்று காத்திருந்தார்கள். அறை முழுக்க வியர்த்தது. அவன் இளகவில்லை.

"அந்தக் காலத்துல இப்படித்தான் உக்கார வச்சுப் பொதைச்சாங்க" என்றாள் அவன் அக்கா மாபுலே. "பெரியவங்க மாதிரியே போறான். விடுங்க."

மேட்டில் உட்கார வைத்தே புதைத்தார்கள்.

போர்த்தி முடித்த அந்த மாலையில், பாத்தியின் நடுக்கூடைமேல் கம்பளி தலையும் தோளுமாக எழுந்து, சுவரின் வட்டத்துக்குள் மடிந்து விழுந்திருந்ததை அவள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாள். சோளக்கதிர் வரைந்த கம்பளி. கறுப்புப் பட்டைகள் நெடுக்காக ஓடின, மனிதன் போர்த்தும்போது ஓடுவதுபோல. அப்படிப் போட வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. கை அப்படித்தான் போட்டது.

ஊக்கு இடம் மாறியதற்கு மறுநாள் காலையில் கம்பளியின் திறப்பு வாசலைப் பார்த்திருந்தது.

குளிர்ந்த தென்காற்று உள்ளே புகாமல் இருக்க அவள் திறப்பை மலைப்பக்கம் விட்டிருந்தாள். காற்றே இல்லை. தரையில் உறைபனி உப்புப்போல் படிந்து கிடந்தது. அதில் அவளுடைய நேற்றைய காலடிகள் மட்டும் பாத்திக்குப் போய்த் திரும்பியிருந்தன. வேறு தடம் இல்லை. யாரும் வரவில்லை. யாரும் போகவும் இல்லை.

கீரை நேற்றைவிடத் தழைத்திருந்தது. ஒரு புதுக் குருத்துகூட விட்டிருந்தது.

அவள் கையுறையைக் கழற்றி உள்ளே கைவிட்டாள். அக்குளுக்குள் இருப்பதுபோன்ற சூடு. விரல்கள் குத்திக்குத்தி உயிர்பெற்றன. இன்னொரு கையையும் விட்டாள். அப்படியே குனிந்து சுவரில் நெற்றியைச் சாய்த்து நின்றாள். இரண்டு மாதமாக அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. இலைகள் மணிக்கட்டைச் சுற்றி மெத்தென்று இருந்தன. மெல்ல இறுகின.

கைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கோழிக்கூடு பாத்திச் சுவரை ஒட்டி இருந்தது. கோழிகள் கூவவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றும் கழியின்மேல் உட்கார்ந்தபடியே இருந்தன. கண் திறந்திருந்தது. ஒன்றைத் தொட்டாள். அது கழியோடு சேர்ந்து சுழன்று தலைகீழாகத் தொங்கியது.

"ரொம்பக் குளிர்" என்று சத்தமாகச் சொன்னாள். செலோவின் கோழிகள் சுவருக்கு அந்தப் பக்கம் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

பொன்ட்சோ கீரையை வழித்துத் தின்றாள். ஈறு சிவப்பாக, இறுக்கமாக இருந்தது. லியாகோ உதட்டைத் தூக்கி ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை.

"அம்மா, அப்பா ஏன் உள்ள வரல?"

"அப்பா எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியும்ல. மேட்டுல."

"இல்ல. கீரைல உக்காந்திருக்காரு."

"அது கம்பளி."

"கம்பளிக்குள்ள."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

குழந்தை வாயை மூடிக்கொண்டு மென்றாள். பிறகு, வாய் நிறையக் களியோடு, "அவருக்கு ரொம்பக் குளிருதாம்" என்றாள்.

லியாகோ கதவைச் சாத்தினாள். சாத்தும் முன் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூடையின் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. ஈரக் கம்பளி கனம் தாங்காமல் சாயும். அவ்வளவுதான்.

அன்று பகலிலும் குளிர் விடவில்லை. சூரியன் மேகத்துக்குப் பின்னால் தேய்ந்த தட்டுப்போல் நகர்ந்தது. கம்பளியை எடுக்க வேளையே வரவில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அடுப்பில் கெட்டில் கொதிக்க வெகுநேரம் பிடித்தது. வறட்டி கனன்றது, மேலே வைத்த கெட்டில் முனகியது, ஆவி வரவில்லை. அவள் காது எப்போதும் வெளியே இருந்தது. வெளியே எதுவும் கேட்கவில்லை. நாயும் குரைக்கவில்லை.

நாய் மறுநாள் காலையில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. பாத்தியைப் பார்த்தபடி. முன்னங்கால்கள் நேராக. மூக்கு நுனியிலிருந்து வால்வரை வெள்ளையாக, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக. லியாகோ அதன் பெயரைச் சொன்னாள். பிறகு சாக்கால் மூடி, குழந்தை எழும் முன் வீட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கால்கள் மடங்கவில்லை. தரையில் நான்கு கோடு விழுந்தது.

முதலில் கோழி. பாத்திக்குப் பக்கத்தில். பிறகு நாய். வாசலில்.

அவள் மேற்கொண்டு நினைக்கவில்லை. கீரை கிள்ளப் போனாள்.

மாபுலே பிற்பகலில் வந்தாள். பருமனான பெண். இரண்டு கம்பளி போர்த்தி, தலையில் ஒரு துண்டும் அதன்மேல் தொப்பியும். மேட்டிலிருந்து இறங்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"ஏய் லியாகோ! உன் பாத்தியில பச்சை இருக்குன்னு செலோ ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டு வரான். என் வீட்டுல ஒரு இலை இல்ல. நாலு பேருக்கும் வெறுங்களி. எம் புருஷன் ஆடு மாதிரி அசைபோட்டுக்கிட்டு என்னையே மொறைக்கறான். ஒரு கட்டு குடு."

"வாங்க அண்ணி. உள்ள வாங்க, டீ போடறேன்."

"டீ கெடக்கட்டும்."

மாபுலே வீட்டின் முனை திரும்பியதும் நின்றாள். பேச்சும் நின்றது.

பாத்தியில், சுவரின் வட்டத்துக்குள், அவள் தம்பியின் கம்பளி இடத்தோளில் ஊக்கு குத்தி உட்கார்ந்திருந்தது.

"யாருடி இத எடுத்தது?"

"நான்தான் அண்ணி. கீரைக்கு வேற எதுவும்..."

"மாமன் வரல. ஆடு அறுக்கல. தண்ணி தெளிக்கல."

"யாரும் உடுத்தல அண்ணி. கீரைமேலதான் போட்டேன்."

"கீரைமேல போட்டாளாம். அப்பாவிக் கழுதை. குப்பைக்கூடைக்கு எதுக்குடி ஊக்கு குத்தின? அதுக்கு ஜலதோஷமா?" அவள் குரல் உயர்ந்து உடைந்தது. "அதுவும் அவன மாதிரியே குத்தி வச்சிருக்க."

"அது நான் குத்தல."

மாபுலே அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாத்தியின் வெட்டுவழியில் நுழைந்து கம்பளியின் விளிம்பைப் பற்றி இழுத்தாள். அது வரவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தாள். கொஞ்சம் வந்தது. பிறகு, மெதுவாக, வந்த அளவு திரும்பிப் போனது. போர்வையை யாரோ உருவும்போது தூக்கத்தில் ஒருவன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுபோல.

மாபுலே கையை எடுத்தாள்.

"பனியில ஒட்டிக்கிச்சு" என்றாள்.

"ஆமா அண்ணி."

இரண்டு பேரும் உள்ளங்கையில் சூட்டை உணர்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

"பொழுது சாய்ஞ்சிருச்சு. செத்தவன் துணிய இனிமே வெளிய தூக்கிட்டுப் போகக் கூடாது. காலையில வெயில் வந்ததும் நான் வரேன். தண்ணியும் கத்தாழையும் கொண்டுவந்து நானே எடுக்கறேன். அவன் துணியில கை வைக்க எனக்குத்தான் உரிமை. நீ தொடாத. கேக்குதா? நீ தொடாத."

"கேக்குது."

மாபுலே போகத் திரும்பினாள். இரண்டு அடி வைத்து நின்றாள்.

"கீரை?"

லியாகோ ஒரு கட்டு கிள்ளிக் கொடுத்தாள். மாபுலே அதைக் கம்பளிக்குள், மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். வழக்கம்போல் திரும்பித் திரும்பிப் பேசவில்லை.

வெளிச்சம் குறைந்தது. லியாகோ அடுப்பில் வறட்டியை அடுக்கினாள். நெருப்பு எழுந்தது. மஞ்சளாக, உயரமாக, ஓசையில்லாமல். அவள் கையை நீட்டினாள்.

சூடு இல்லை.

இன்னும் நெருக்கமாக நீட்டினாள். சுடர் விரல்களுக்கு இடையில் ஆடியது. ஓடைத் தண்ணீரில் கைவிட்டதுபோல இருந்தது. கெட்டிலுக்குள் ஏதோ சொடுக்கியது. மூடியைத் திறந்தாள். நெருப்பின்மேல் இருந்த தண்ணீர் ஓரங்களில் வெளுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா."

பொன்ட்சோ படுக்கையில் சுருண்டிருந்தாள். லியாகோ தன் கம்பளியையும் அவள்மேல் போட்டாள். குழந்தையின் பாதத்தைப் பிடித்தாள். கல். முழங்கால்வரை கல். வாயால் ஊதினாள். ஊதிய மூச்சும் குளிர்ந்திருந்தது.

"தூங்காத. பொன்ட்சோ. என்னப் பாரு."

"தூக்கம் வருது."

"பாட்டுப் பாடு. எதாவது பாடு."

"வாய் வரல."

உதடு நீலம். முழங்கால்கள் மெல்ல மார்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. கைகள் அவற்றைக் கட்டத் தேடின. அந்த உட்காரும் விதத்தை லியாகோ பார்த்திருக்கிறாள்.

கோழி. நாய். வாசல். இப்போது உள்ளே.

அவள் வெளியே ஓடினாள்.

மேற்கில் ஒரு சிவப்புக் கோடு மிஞ்சியிருந்தது. பாத்தி கறுப்பாக நின்றது. கல்லில் கால் இடறி, வெட்டுவழியில் நுழைந்து, ஊக்கைத் தேடிப் பிடித்துத் திறந்தாள். கை ஒட்டவில்லை. இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

"விடு" என்றாள். "எம்மேல கோவம்னா என்னைய எடுத்துக்க. அவள விடு."

கம்பளியை இழுத்தாள். மாபுலேவுக்கு வராதது அவளுக்கு வந்தது. இறுக்கமே இல்லாமல், தானாக, கொடுப்பதுபோல. அவள் கைநிறைய வந்து விழுந்தது. கனமாக, சூடாக.

நடுவில் கூடை மட்டும் நின்றது. வெறும் குச்சி.

அவள் திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஈரத்துணி தரையில் விழுவதுபோல. சின்னச் சத்தம், பல இடங்களில், ஒரே நேரத்தில். அவள் நிற்கவில்லை.

கம்பளியை வெளியே வீட்டுச் சுவரோரம் போட்டுவிட்டுக் கதவைத் தாழிடத்தான் நினைத்தாள். வாசலில் போடுவதற்குக் குனிந்தாள். முடியவில்லை. அந்தச் சூடு மார்பில், கழுத்தில், தாடையில் ஏறியது. உலகத்தில் சூடாக இருந்த ஒரே பொருள் அது. உள்ளே குழந்தை பேச்சை நிறுத்தியிருந்தாள்.

உடுத்தக் கூடாது. யாரும் உடுத்தக் கூடாது.

பொன்ட்சோவின் கண் பாதி திறந்திருந்தது. அசையவில்லை.

லியாகோ கம்பளியை அவள்மேல் விரித்தாள். கால்வரை. கழுத்துவரை. சும்மா விரித்தாள். குத்தவில்லை. ஊக்கைக் கம்பளியின் ஓரத்தில் தொங்கவிட்டாள்.

முதலில் உதட்டின் நீலம் போனது. பிறகு கன்னத்தில் நிறம் வந்தது. குழந்தை நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள், கொட்டாவி விட்டாள், "அப்பா வாசனை" என்றாள்.

லியாகோ தரையில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் முதுகைச் சாய்த்து, சத்தமில்லாமல் அழுதாள். கண்ணீர் கன்னத்தில் பாதிவழியில் நின்றுவிட்டது. அவள் அதைத் துடைக்கவில்லை. விழித்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள்.

கண் திறந்தபோது கதவு இடுக்கில் சாம்பல் வெளிச்சம். அடுப்பில் சுடர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, அதே உயரத்தில். வறட்டி ஒன்றுகூடக் குறையவில்லை.

கட்டிலில் யாரும் இல்லை.

பொன்ட்சோ அடுப்புக்கு எதிரே, தாயைப் பார்த்து, தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பளி அவளைச் சுற்றியிருந்தது. ஊக்கு குத்தியிருந்தது. இடப்பக்கம். ஆனால் குழந்தையின் தோளில் இல்லை. அதற்கு மேலே. குழந்தையின் தலைக்கும் மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் தோள் வரும் உயரத்தில். கம்பளி அங்கே விறைப்பாக, வளைவாக நின்றது. அதற்குள் இருட்டு. அந்த இருட்டின் மடியில் சாய்ந்துகொண்டு, சிவந்த கன்னத்தோடு, நெற்றியில் வியர்வையோடு, பொன்ட்சோ சிரித்தாள்.

"அம்மா, சூடா இருக்கு."

லியாகோ எழ முயன்றாள். முழங்கால்கள் மார்போடு ஒட்டியிருந்தன. கைகள் அவற்றைக் கட்டியிருந்தன. எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை. அவிழ்க்க முடியவில்லை. மணிக்கட்டின் மயிர் வெள்ளையாக நின்றது. ஒவ்வொன்றும் தனித்தனியாக.

கதவு இடுக்கில் பாத்தி தெரிந்தது. நடுவட்டம் முழுவதும் கரி. ஒரு பச்சை இல்லை. இலைகள் நின்ற இடத்திலேயே உருகி, கறுத்து, கல்லில் வழிந்து உறைந்திருந்தன. பல நாள் பனி அல்ல. ஒரே கணம். நேற்று கேட்ட சத்தம் அது.

வெளியே உறைபனி நெரிபட்டது. மேட்டிலிருந்து காலடி.

"செலோ! என்னடா வேலியில தொங்கிட்டு நிக்கற? போய் மூஞ்சியக் கழுவு."

"தண்ணி கல்லா இருக்கு அக்கா. மூஞ்சிய அதுல தேய்க்கத்தான் முடியும். கையில என்ன வாளி?"

"கத்தாழத் தண்ணி. தம்பி கம்பளிய எடுக்கப் போறேன். அந்தப் பைத்தியம் பாத்திக்குப் போத்தி விட்டிருக்கா. கேளு, நேத்து அவ குடுத்த கீரை, நெஞ்சோட அணைச்சுத்தான் கொண்டுபோனேன். வீட்டு வாசல் போறதுக்குள்ள கரியாப் போச்சு. கையெல்லாம் கறுப்புத் தண்ணி. அந்தக் கம்பளிய விட்டு வெளிய வந்தா ஒண்ணும் நிக்காது போல."

பொன்ட்சோ தாயின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு குறைந்தது.

"அம்மா, உனக்குக் குளிருதா? நீயும் வா."

ஊக்கின் கீழே கம்பளி விலகியது. ஒரு சின்னக் கை வெளியே வந்து தாயை நோக்கி நீண்டது. சுட்டுவிரலின் நகம் கறுத்தது. பிறகு விரல். பிறகு அதற்கடுத்த விரல். இலை நுனி கருகுவதுபோல, விளிம்பிலிருந்து உள்ளே.

"வேணாம்" என்று லியாகோ சொன்னாள். வாய் திறக்கவில்லை. அது அவள் தலைக்குள் மட்டும் கேட்டது.

கை உள்ளே போயிற்று. குழந்தை இழுத்துக்கொள்ளவில்லை. கம்பளிதான் இழுத்துக்கொண்டது.

"அடியே, பாத்தியில காணோமே! எங்கடி வச்சிருக்க?"

தாழ். நேற்று அவள் தாழிடவில்லை.

கதவு திறந்தது. வெயில் முதலில் வந்தது. அதன் பின்னால் மாபுலே, வாளியோடு, மூச்சு வாங்க. இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்றாள். சுருண்டு உட்கார்ந்திருந்தவளை அவள் முதலில் பார்க்கவில்லை. அடுப்பருகே சிவந்த கன்னத்தைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"ஐயோ, என் தங்கமே. நீயா போத்திட்டு உக்காந்திருக்க? இத நீ போட்டுக்கக் கூடாதும்மா. அத்தை கழட்டி விடறேன். ஒரே நிமிஷம்."

வாளியை வைத்தாள். மண்டியிட்டாள். குழந்தையின் தலைக்கு மேலே அந்த வெற்று வளைவு, மெதுவாக, தன் அக்காவைப் பார்க்கத் திரும்பியது. மாபுலே குனிந்திருந்தாள். அவள் கட்டைவிரல் ஊக்கைத் தேடிக் கண்டுபிடித்தது.

லியாகோ கண்ணை மூடப் பார்த்தாள். இமைகள் உறைந்திருந்தன.